மே மாத லீவில் வேலைக்கு ஈடாக அறை: ஆசிரியர்களுக்கு எந்தத் தளம் கட்டுப்படியாகும்?

வேலை செய்து கொடுத்து, அதற்கு ஈடாகத் தங்க இடம் பெற வழிசெய்யும் இணையதளங்கள் பல உண்டு. ஒரு வாரம் போய்வர நினைக்கும் ஆசிரியருக்கு இந்தத் தளங்கள் எதுவும் வேண்டாம். ஒரு ஹோம்ஸ்டேயில் காசு கொடுத்துத் தங்கிவிடலாம், அதுவே மலிவு. மூன்று வாரம் ஒரே ஊரில் இருக்க முடிகிறவருக்குத்தான் கணக்கு ஒத்துவரும். ‘இலவசமாக மலையில் தங்கலாம்’ என்று ரீல்ஸில் பார்த்ததும் கட்டணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் யோசிப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஏற்பாடு எளிமையானது. தோட்டமோ விடுதியோ சின்னப் பள்ளியோ நடத்துபவர் (இவர்தான் ஹோஸ்ட்) தங்க இடம் தருவார், பெரும்பாலும் சாப்பாடும் உண்டு. வருபவர் நாளைக்கு நான்கைந்து மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் கூடமாட வேலை செய்வார். காசு கைமாறாது. இருவரையும் சேர்த்து வைக்கும் இணையதளம் விருந்தாளியிடம் ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொள்ளும்.

இந்த வகையில் மூத்தது வூஃப். 1971-ல் லண்டனில் செயலாளர் வேலை பார்த்த சூ கோப்பார்ட் என்ற பெண் வார இறுதியில் இயற்கைப் பண்ணைக்குப் போய் உதவலாம் என்று தொடங்கியது, இன்று பல நாடுகளில் தனித்தனி அமைப்பாக இயங்குகிறது. வூஃப் இந்தியாவுக்குக் கட்டிய உறுப்பினர் கட்டணம் நேபாளத்துக்குச் செல்லாது. நாடு மாறினால் மறுபடி கட்ட வேண்டும். இதில் இயற்கை விவசாயப் பண்ணைகள் மட்டும்தான். கேஃபே, யோகா மையம், ஹாஸ்டல் கலப்படம் இல்லை என்பதே இதன் பலம். பண்ணைக்காரர்கள் பலர் மாதக்கணக்கில் தளத்தைத் திறந்தே பார்ப்பதில்லை, பதில் வரத் தாமதமாகும் என்பது பலவீனம். வரப்பு வெட்டவும் சாணம் அள்ளவும் தயங்காதவர், மண்ணைப் பற்றிக் கற்றுக்கொள்ள நினைப்பவர், பள்ளியில் தோட்டமோ தேசியப் பசுமைப் படையோ நடத்துபவர், இவர்கள் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

வொர்க்அவே 2002-ல் வந்தது. 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஹோஸ்ட்கள் உண்டு, இந்தியாவிலும் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு இருக்கிறார்கள். தனிநபர் கட்டணம் ஆண்டுக்கு 50 முதல் 60 டாலர் வரை, அதாவது நம் காசில் சுமார் 5,000 ரூபாய். தம்பதிக் கணக்கு இதைவிடப் பத்து டாலர் போலக் கூடுதல். கணவன், மனைவி இருவருமே ஆசிரியர்கள் என்றால் இதைவிட நல்ல பேரம் கிடையாது. பணம் கட்டாமலேயே ஹோஸ்ட் பக்கங்களையும் ரிவியூக்களையும் முழுக்கப் படிக்கலாம். செய்தி அனுப்பத்தான் கட்டணம். ஆகவே குறைந்தது எட்டு ஹோஸ்ட்களைக் குறித்து வைத்துக்கொண்ட பிறகே கார்டை எடுக்க வேண்டும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். 2020 மார்ச்சிலிருந்து ரிசர்வ் வங்கி விதி அப்படி. வங்கிச் செயலியில் அதைத் திறந்து, பணம் போனதும் மூடிவிடுங்கள்.

வேர்ல்ட்பேக்கர்ஸ் பிரேசிலிலிருந்து வந்த தளம், ஹாஸ்டல்கள் அதிகம். போன இடம் சொன்னபடி இல்லையென்றால் வேறு ஹோஸ்ட் தேடித் தருவதும், சில நாள் விடுதிச் செலவை ஏற்பதும் இதன் தனிச் சிறப்பு. ஆனால் ஹாஸ்டல்கள் தேடுவது இருபதுகளில் இருப்பவரை. வரவேற்பு மேசையில் ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்து, வருகிறவர்களைப் பாட்டும் விளையாட்டுமாக வைத்துக்கொள்ளும் வேலை அது. நாற்பத்தைந்து வயது வேதியியல் ஆசிரியருக்குப் பதில் வராவிட்டால் அதில் மனம் நோக ஒன்றுமில்லை. ஹெல்ப்எக்ஸ் இரண்டு ஆண்டுக்கு 20 யூரோ அளவில் கிடைக்கும் பழைய பாணித் தளம். விலை குறைவு, ஆனால் இந்தியப் பட்டியல் மெலிவு. வளர்ப்புப் பிராணியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் தங்கும் ட்ரஸ்டட்ஹவுஸ்சிட்டர்ஸ் பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா வீடுகளுக்கானது. மே மாதம் இந்தியாவுக்குள் சுற்றுபவருக்கு அதில் வேலையில்லை.

மணிக்கு எத்தனை ரூபாய்?

அறை இலவசம் என்று நினைக்கும் வரை ஏமாற வாய்ப்பு உண்டு. உங்கள் உழைப்பைக் கொடுத்து வாங்கும் அறை அது, அதற்கு விலை இருக்கிறது. அந்த விலையைக் கண்டுபிடிப்பது ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்: அதே ஊரில் அதே தரத்தில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு நாளைக்கு என்ன ஆகும் என்று பாருங்கள், ஏழால் பெருக்குங்கள், வாரத்துக்குக் கேட்கும் மணி நேரத்தால் வகுங்கள்.

ஒரு மலைக் கிராமத்துப் பண்ணை தனி அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் தருகிறது, வாரம் 25 மணி நேரம் கேட்கிறது என்று வையுங்கள். அந்தக் கிராமத்தில் அறை 700, சாப்பாடு 350 என்றால் நாளைக்கு 1,050, வாரத்துக்கு 7,350. மணிக்கு 294 ரூபாய். நல்ல பேரம். சுற்றுலா ஊர் ஹாஸ்டல் ஒன்று டார்மிட்டரியில் ஒரு கட்டிலும் காலைச் சாப்பாடும் மட்டும் தந்து, தினம் ஆறு மணி நேரம் ஆறு நாள் கேட்கிறது. கட்டில் 500, காலை உணவு 80 என்றால் வாரத்துக்கு 4,060. அதை 36-ஆல் வகுத்தால் 113 ரூபாய். மதியத்துக்கும் ராத்திரிக்கும் கைக்காசு போட்டுச் சாப்பிட வேண்டும். இந்த இரண்டாவது வகைதான் இன்ஸ்டாகிராமில் ‘வாலண்டியர் வேண்டும்’ என்று அதிகம் வருகிறது. மணிக்கு 150-க்குக் கீழே போனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அறை எடுத்துத் தங்குங்கள் என்பது எங்கள் அளவுகோல்.

உறுப்பினர் கட்டணத்தையும் இதில் சேர்க்க வேண்டும். 5,000 ரூபாயை 7 ராத்திரிக்குப் பிரித்தால் ராத்திரிக்கு 714. கிராமத்து அறை வாடகையே அவ்வளவுதான்! 21 ராத்திரிக்குப் பிரித்தால் 238. தம்பதிக் கணக்கு சுமார் 6,000 என்றால், இருவருக்கும் 21 ராத்திரிக்கு ஆளுக்கு 143. ஒரு வாரத்துக்கு வேண்டாம் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

இதன் மேல் ரயில் செலவு. இமாச்சல், உத்தரகண்ட் மலைப் பக்கம் போக, சென்னையிலிருந்து புதுதில்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சுமார் 33 மணி நேரம். ஸ்லீப்பர் ஆயிரத்துக்குள், ஏ.சி. மூன்றடுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். மே மாதப் பகலில் நாக்பூரை ஸ்லீப்பரில் கடப்பதற்கு மிச்சமாகும் காசு ஈடாகாது. இந்த ஒரு இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். தென் மாவட்டத்தவரும் கோவை, சேலம்காரர்களும் வாரம் ஒருமுறை ஓடும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் நேரே பதான்கோட் போய், அங்கிருந்து 90 கிலோமீட்டர் போல பஸ்ஸில் தர்மசாலா பக்கம் ஏறலாம். பயணம் மூன்று நாளை விழுங்கும் என்றாலும் தில்லியில் வண்டி மாற்றும் அலைச்சல் இல்லை.

லீவு எத்தனை நாள் உண்மையில்?

நாள்காட்டியில் ஐந்து வாரம் தெரியும். கையில் கிடைப்பது அவ்வளவு இருக்காது. ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் பணி. மே முதல் பாதியில் தேர்வு முடிவுகள்: 2024-ல் பிளஸ் டூ மே 6, பத்தாம் வகுப்பு மே 10, 2025-ல் மே 8, மே 16. முடிவு வரும் நாளில் தலைமையாசிரியரும் அந்த வகுப்பு ஆசிரியர்களும் ஊரில் இல்லாமல் முடியாது. சேர்க்கை வேலை வேறு. தேர்தல் ஆண்டிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆண்டிலும் மே மாதத்தை மறந்துவிட வேண்டியதுதான். தனியார் பள்ளிகளில் மே கடைசி வாரம் பயிற்சி வகுப்பு என்று கூப்பிட்டுவிடுவார்கள். அலுவலகப் பணியாளர்களுக்கு ஆசிரியர்களைப் போலக் கோடை விடுமுறை கிடையாது, அவர்கள் ஈட்டிய விடுப்பு போட்டுத்தான் வர வேண்டும்.

பள்ளி திறப்பது தள்ளிப்போகும் என்று நம்பித் திரும்பும் டிக்கெட் போடுவதும் ஆபத்து. 2023-ல் ஜூன் 12, 2024-ல் ஜூன் 10 என்று வெயிலால் தள்ளிப்போனது உண்மை. 2025-ல் ஜூன் 2-ஆம் தேதியே மணி அடித்துவிட்டார்கள்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே 2 புறப்பட வேண்டுமானால் மார்ச் 3 காலை எட்டு மணிக்கு ஐ.ஆர்.சி.டி.சி.யில் உட்கார வேண்டும். மே 28 திரும்ப மார்ச் 29. அதற்குள் ஹோஸ்ட் உறுதியாகியிருக்க வேண்டும் என்றால் செய்தி அனுப்பும் வேலை ஜனவரிக் கடைசியில் தொடங்க வேண்டும். ஏப்ரலில் தேடத் தொடங்குபவருக்கு மிஞ்சியிருப்பது மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட இடங்கள்தான்.

ஹோஸ்ட் பக்கத்தை எப்படிப் படிப்பது

படங்களை விடுங்கள். வொர்க்அவே பக்கத்தில் பார்க்க வேண்டியது முதலில் பதில் விகிதமும் கடைசியாக எப்போது தளத்துக்கு வந்தார் என்பதும். பாதிக்குப் பாதி கூடப் பதில் போடாதவருக்கு நீளமாக எழுதுவது வீண். அடுத்து, ரிவியூ எழுதியவர்களின் ப்ரொஃபைல்களைத் திறந்து எந்த நாட்டவர் என்று பாருங்கள். முப்பது ரிவியூ இருந்து அதில் ஓர் இந்தியர்கூட இல்லையென்றால் அந்த ஹோஸ்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். வெளிநாட்டவருக்கு மட்டும் பதில் போடும் இந்திய ஹோஸ்ட்கள் இருக்கிறார்கள். கசப்பான விஷயம், ஆனால் தெரிந்திருப்பது நல்லது. தனியாகப் போகும் பெண்கள் இன்னொரு படி மேலே போய், தனியாக வந்து தங்கிய இந்தியப் பெண் எழுதிய ரிவியூ ஒன்றாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் அவருக்கே தளம் வழியாக எழுதிக் கேட்கலாம். பெரும்பாலும் பதில் வரும்.

ரிவியூ இருபக்கமும் எழுதும் ஏற்பாடு என்பதால் யாரும் கடுமையாக எழுதுவதில்லை. எழுதியதைவிட எழுதாமல் விட்டதைப் படிக்க வேண்டும். ‘இயற்கை அழகு, நாய்கள் அருமை’ என்று மட்டும் இருந்து, சாப்பாட்டையும் வேலை நேரத்தையும் யாருமே பேசவில்லையென்றால் அங்கே ஏதோ இடிக்கிறது. ‘சுறுசுறுப்பானவருக்கு ஏற்ற இடம்’ என்றால் மணிக்கணக்கு நீளும். ‘ஹோஸ்ட் ரொம்ப பிஸி’ என்றால் நீங்கள் போய் இறங்கும்போது அவர் ஊரிலேயே இருக்க மாட்டார்.

வேலைப் பட்டியலில் பத்து வகை எழுதி வைத்திருப்பவர் எதற்கும் திட்டம் இல்லாதவர். ‘கொட்டகைக்குச் சுவர் பூச வேண்டும், மே முழுக்க’ என்று ஒற்றை வேலையைச் சொல்பவரிடம் போங்கள். இன்னொன்று, சாப்பாட்டுக்கென்று தினசரி ஒரு தொகை கேட்கும் ஹோஸ்ட்கள். சின்னத் தொண்டு நிறுவனம் 200 ரூபாய் கேட்பதில் தவறில்லை. அறை வாடகைக்கு விடும் ரிசார்ட் அதே தொகையைக் கேட்டால் அது வேலையாளைக் காசு வாங்கிக்கொண்டு வைப்பது.

முதல் செய்தி பத்து வரிக்கு மேல் வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு அவர் பக்கத்தில் எழுதியிருக்கும் எந்த வேலையை உங்களால் செய்ய முடியும் என்று சொல்லுங்கள். ‘நான் ஆசிரியர், ஆங்கிலம் கற்பிப்பேன்’ என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். அதைவிட, ‘கணினி ஆசிரியர், உங்கள் பண்ணைக் கணக்கை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுத் தருவேன்’, ‘ஓவிய ஆசிரியை, சுவர் வரைவேன், பெயின்டின் அளவு கணக்கிடவும் தெரியும்’, ‘உடற்கல்வி ஆசிரியர், முதலுதவி தெரியும்’ என்பவை எடுபடும். பத்து பேருக்குச் சமைக்க முடியும் என்பதை மறக்காமல் எழுதுங்கள். தன்னார்வலர்கள் முறை வைத்துச் சமைக்கும் இடங்களில் புளியோதரையும் சாம்பாரும் தெரிந்தவருக்குத் தனி மரியாதை. அரைக் கிலோ சாம்பார் பொடி பெட்டியில் இடம் அடைக்காது. காபிப் பொடியும் டிகாஷன் ஃபில்டரும் எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதில்லை, காபிக்காரர்கள் எப்படியும் எடுத்துக்கொண்டுதான் போவார்கள்.

ஒத்துக்கொண்ட பிறகு கேட்க வேண்டியவை வேறு, கூச்சப்படாமல் கேளுங்கள். அறையைத் தனியாகப் பூட்டிக்கொள்ள முடியுமா, யாரோடு பகிர வேண்டும்? கழிப்பறை அறையோடு சேர்ந்ததா, எத்தனை பேருக்கு? தண்ணீர் மே மாதம் வருமா? வார விடுமுறை எந்தக் கிழமை, இரண்டும் சேர்ந்து வருமா? வேலை காலையிலேயே முடிந்துவிடுமா, இல்லை இரண்டு துண்டாகவா? பக்கத்து பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு? துண்டு துண்டான வேலை நேரம்தான் எல்லாவற்றிலும் மோசம். காலை இரண்டு மணி நேரம், மதியம் ஒன்று, மாலை இரண்டு என்றால் கணக்கில் ஐந்து, ஆனால் நாள் முழுக்கப் போய்விடும். இந்தப் பதில்களைத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டால் பின்னால் தளத்தில் புகார் சொல்லக் கையில் ஒன்றும் இருக்காது.

மே மாதம் எங்கே போகலாம், எங்கே வேண்டாம்

ஊட்டி, கொடைக்கானல், மணாலி, இந்த மூன்றும் மே மாதம் வேண்டாம். சீசனில் ஒவ்வொரு அறையும் ஹோஸ்டுக்குக் காசு. அதைத் தன்னார்வலருக்கு யாரும் விட்டுத்தர மாட்டார்கள், மொட்டை மாடியில் கூடாரம்தான் கிடைக்கும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் சொந்த வண்டிக்கு இ-பாஸ் வேறு வேண்டும். அரசு பஸ்ஸில் போனால் அந்தத் தொல்லை இல்லை. வயநாடு, குடகு பக்கம் மே மூன்றாம் வாரத்திலிருந்து மழையும் அட்டையும் தொடங்கிவிடும்.

இமாச்சலில் சுற்றுலாப் பயணி போகாத ஆப்பிள் கிராமங்களில் மே மாதம் உண்மையிலேயே ஆள் தேவைப்படும். ஒரு கொத்தில் நெருக்கமாகப் பிடித்த பிஞ்சுகளில் ஒன்றிரண்டை விட்டு மீதியைக் கிள்ளும் வேலை, ஆலங்கட்டி மழைக்கு எதிராக மரங்களின் மேல் வலை விரிக்கும் வேலை. சிம்லா மேல்பகுதியில் செர்ரி பறிப்பும் மே, ஜூனில்தான். பிஞ்சு கிள்ளுவது யாருக்கும் வரும், கழுத்துதான் வலிக்கும். வலை விரிக்க ஏணி ஏற வேண்டும். சரிவான நிலத்தில் மூன்றுகால் ஏணிதான் நிற்கும், நான்குகால் ஏணி ஆடும். ஏணி வேலையை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

உத்தரகண்டில் கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை தொடங்கிவிடுவதால் ரிஷிகேஷ் வழியே போகும் கட்வால் பக்கம் சாலை நெரியும். காட்கோதாம் ரயிலில் இறங்கி ஏறும் குமாவுன் பக்கம், ராம்கட், முக்தேஷ்வர் பழத்தோட்டப் பகுதி, அதைவிட நிம்மதி. ஆனால் மே மாதம் பைன் காடுகளில் தீப்பிடிக்கும், 2024-ல் மிக மோசமாக இருந்தது. வீசிங் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. தண்ணீர்த் தட்டுப்பாடும் இங்கே உண்மை. ‘தண்ணீர் வருமா’ என்று கேட்கச் சொன்னது அதனால்தான்.

கற்பிக்கும் வேலையே வேண்டும் என்பவருக்கு ஒரு வசதி உண்டு. இமாச்சலின் உயரமான பகுதிகளிலும் லடாக்கிலும் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை குளிர்காலத்தில். நமக்கு லீவான மே மாதத்தில் அங்கே வகுப்பு நடக்கும். நேபாளத்தில் கல்வியாண்டு தொடங்குவதே ஏப்ரல் நடுவில்தான். ஆனால் மூன்று வாரத்துக்கு வந்து வகுப்பெடுத்துவிட்டுப் போகும் ஆளால் பிள்ளைகளுக்கு என்ன பயன் என்பது உங்களுக்கே தெரியும். நிரந்தர ஆசிரியருக்குப் பதிலாக வரிசையாகத் தன்னார்வலர்களை நிறுத்தும் பள்ளியைத் தவிருங்கள். நூலகத்தை அடுக்குவது, உள்ளூர்ப் பொருட்களில் கற்றல் உபகரணம் செய்வது, ஆய்வகப் பெட்டி தயாரிப்பது என்று அங்குள்ள ஆசிரியர்களோடு சேர்ந்து செய்யும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். குழந்தைகள் இல்லங்கள், குறிப்பாக முன்பின் விசாரிக்காமலேயே ‘நாளைக்கே வரலாம்’ என்று சொல்லும் இல்லங்கள், அறவே வேண்டாம்.

தளம் எதுவும் இல்லாமல் நேரே எழுதக்கூடிய இடங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று லடாக்கின் செக்மோல் என்ற மாற்றுக் கல்வி அமைப்பு. பொறியாளர் சோனம் வாங்சுக்கும் நண்பர்களும் 1988-ல் தொடங்கியது. லே அருகே பே கிராமத்தில், சூரிய வெப்பத்தால் கதகதப்பாக இருக்கும் மண் கட்டடங்களில், மாணவர்களே நிர்வாகம் பார்க்கும் வளாகம். தன்னார்வலரின் முக்கிய வேலை மாணவர்களோடு ஆங்கிலத்தில் உரையாடுவது. உணவுக்கும் தங்கலுக்கும் ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும், ஆகவே முழு இலவசம் அல்ல. ஆனால் ஒரு ஆசிரியர் அங்கே பார்த்துக் கற்றுக்கொள்வது வேறெங்கும் கிடைக்காது. லே 3,500 மீட்டர் உயரம். விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் படியேறுவதைக்கூடக் குறைத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். மே மாத விமானக் கட்டணம் மொத்தச் சிக்கனத்தையும் தின்றுவிடும் என்பதுதான் பெரிய குறை.

இன்னொன்று ஆரோவில் அருகே சாதனா ஃபாரஸ்ட். 2003-ல் அவிராம், யோரிட் ரோசின் தம்பதி தொடங்கி, காய்ந்து கிடந்த நிலத்தில் நம் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டை வளர்த்து வருகிறார்கள். ரயில் செலவு இல்லை, குழந்தைகளோடு வருபவரையும் ஏற்பார்கள். பாலும் தயிரும்கூட இல்லாத முழுத் தாவர உணவு, சூரிய மின்சாரம், உரமாக்கும் உலர் கழிப்பறை, புகையும் மதுவும் கூடாது. தயிர்சாதம் இல்லாமல் மூன்று வாரம் இருக்க முடியுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். மே மாதம் கத்திரி வெயில், ஓலைக் கூரையின் கீழ் ஃபேன் காற்றை எதிர்பார்க்காதீர்கள். இதே இடம் டிசம்பர் அரையாண்டு லீவில் பல மடங்கு சுகம், ஆனால் அப்போது கையில் இருப்பது பத்து நாள் போலத்தான்.

அனுமதி, விசா, காப்பீடு

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் பொருந்தும். முன் அனுமதியின்றி வேறு வேலை பார்க்கக் கூடாது. தங்க இடத்துக்குக் கைமாறாக உதவுவது ஒன்று, கைச்செலவுக்கென்று ஹோஸ்ட் தரும் 3,000 ரூபாயை வாங்கிக்கொள்வது வேறு. அந்தக் காசை வாங்காதீர்கள். மே மாதச் சம்பளம் வராத பணியிடங்களில் இருப்போருக்கு அந்தத் தொகை ஆசைகாட்டும் என்பது புரிகிறது, இருந்தாலும் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். வெளிநாடு என்றால், அது நேபாளமாக இருந்தாலும், துறை அனுமதி வேண்டும். விண்ணப்பம் மேலே போய்த் திரும்ப நாளாகும், ஆகவே பிப்ரவரியிலேயே கொடுத்துவிடுங்கள்.

நேபாளம் மட்டும்தான் இந்தியருக்கு இந்த விஷயத்தில் சிக்கலில்லாத வெளிநாடு. விசா கிடையாது, 1950 ஒப்பந்தப்படி அங்கே வேலை செய்வதற்கும் தடையில்லை. விமானத்தில் போக பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ வேண்டும், 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதாரை ஏற்க மாட்டார்கள். நம் 100 ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் 160, நிலையான விகிதம். மற்ற நாடுகளில் சுற்றுலா விசாவில் இப்படித் தங்குவது பல இடங்களில் சட்டப்படி ‘வேலை’. நியூசிலாந்து தங்குமிடத்தையும் ஊதியமாகத்தான் பார்க்கிறது. பிரிட்டனில் சாதாரண விசிட்டர் விசாவில் தன்னார்வ வேலை 30 நாள் வரை, அதுவும் பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு மட்டும். குடியேற்ற மேசையில் ஃபோனை வாங்கி ஹோஸ்டோடு பேசிய செய்திகளைப் படித்தால் தப்பிக்க வழியில்லை. ‘எல்லோரும் போகிறார்கள், டூரிஸ்ட் என்று சொல்லுங்கள்’ என்று யோசனை சொல்லும் ஹோஸ்டை நம்பி டிக்கெட் போடாதீர்கள். திருப்பி அனுப்பினால் அடுத்த விசாவுக்கும் சேர்த்துத்தான் அடி.

வேலையில் படும் காயத்துக்குத் தளம் மருத்துவச் செலவு தரும் என்று நம்பாதீர்கள். அரசு ஊழியர் காப்பீட்டு அட்டையைக் கொண்டுபோங்கள், ஆனால் அதில் உள்ள மருத்துவமனைகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில். ஆண்டுக்கு 20 ரூபாயில் வங்கியில் எடுக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு இறப்புக்கும் ஊனத்துக்கும் மட்டும்தான், ஆஸ்பத்திரிச் செலவுக்கு இல்லை. தனிநபர் மருத்துவக் காப்பீடு இல்லாதவர் அரிவாள், ஏணி, மரம் வெட்டும் இயந்திரம், இந்த மூன்றையும் தொடாமல் இருக்கலாம். டெட்டனஸ் ஊசியைப் புறப்படும் முன் போட்டுவிடுங்கள்.

போன பிறகு கெடுவது

பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஐந்து மணி நேரம் ஆறாகும், லீவு நாளில் ‘ஒரு கை கொடுங்களேன்’ என்பார்கள், சுவர் ஓவியம் என்று எழுதியவர் அறை பெருக்கச் சொல்வார். ஆசிரியர்களுக்கென்று ஒரு பிரச்சினை தனியாக உண்டு: ஹோஸ்டின் பிள்ளைக்கு ராத்திரி ட்யூஷன். கேட்பார்கள், நாமும் மறுக்கக் கூச்சப்படுவோம், அது மணிக்கணக்கில் சேராது. முதல் நாளே ‘சொல்லித் தருகிறேன், அந்த ஒரு மணி நேரத்தைக் காலை வேலையில் குறைத்துக்கொள்ளலாமா’ என்று கேட்டுவிட்டால் அங்கேயே முடிந்துவிடும். செய்த நேரத்தை ஃபோனில் நாள்தோறும் குறித்து வையுங்கள். வாரக் கடைசியில் சண்டை போடாமல் காட்டிப் பேச அது போதும். நியாயமான ஹோஸ்ட் அடுத்த வாரம் அரை நாள் விட்டுத்தருவார்.

இரண்டாவது வாரமும் மாறவில்லையென்றால் தளத்துக்கு எழுதிவிட்டுக் கிளம்புங்கள். அதற்காக மூன்று ராத்திரி அறை வாடகையும் பஸ் கட்டணமும், சுமார் 4,000 ரூபாய், தொடாமல் தனியாக வைத்திருக்க வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் இரண்டாவதாக ஒரு ஹோஸ்டிடம் ‘மே நடுவில் இடம் இருக்குமா’ என்று முன்கூட்டியே கேட்டு வைப்பதும் வழக்கம்தான், யாரும் தப்பாக நினைப்பதில்லை. இடம் உறுதியானதும் பழைய ஹோஸ்டிடம் நேரில் சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸைப் பிடியுங்கள். மலைப் பாதையில் மாலை பஸ்ஸை நம்ப முடியாது.